அலுங்கல்

"சார், கல்லு அஞ்சுதானே இருக்கு? அப்புறம் ஏன் பத்து சிரம்பான்னு சொல்றாங்க?"

கேட்டவன் மூன்றாம் ஆண்டு மாணவன். ஓய்வு நேரம் முடிந்து உள்ளே வந்தவன் கையில் ஐந்து துணி மூட்டைகள், ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு, உள்ளே பச்சைப்பயறு. மலாயில் 'பாத்து' என்றால் கல். அதை நாம் பத்து என்று எழுதிப் பத்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம்: பத்துமலை, பத்து பகாட், பத்து காஜா. தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே பத்து மலைகள் இருப்பதாக நம்புகிறார்கள். மீதிப்பேர் எண்ணிப் பார்த்து ஏமாந்தவர்கள்.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து மேசைக்காரி பதில் சொல்லிவிட்டாள். "ஆளுக்கு அஞ்சு. ரெண்டு பேரு ஆடுனா பத்து." தவறான விடைதான். ஆனால் கையில் இருந்த சான்றுகளை வைத்துக்கொண்டு இதைவிட நேர்மையாக ஒரு சொல்லாராய்ச்சி செய்ய முடியாது. வேர்ச்சொல் ஆய்வு என்ற பெயரில் இதில் பாதி ஆதாரம்கூட இல்லாமல் புத்தகம் போட்டவர்களை எனக்குத் தெரியும். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் இணைமொழி. அது மறுநாளைக்குத் தள்ளிப்போனது. பாடத்திட்டப் பதிவில் என்ன எழுதினேன் என்பதை இங்கே சொல்வதற்கில்லை.

நான் இருப்பது மம்பாவில். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகிற பழைய சாலையில் ராசாவைத் தாண்டினால் வரும். முன்பு பால்மரம், பிறகு செம்பனை, இப்போது தாமான் வீடுகள். பக்கத்திலேயே சிரம்பான் 2, சிரம்பான் 3 என்று ஊர்களுக்கே தொடர் எண் போட்டுவிட்டார்கள். அம்மா ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். மனைவிக்குச் செனவாங்கில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் முறை. மகள் இரண்டாம் படிவம், மகன் ஐந்தாம் ஆண்டு. அலமாரிக்கு மேலே துணிமணிப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் தாயக்கட்டை, பரமபதம், சொங்காக் பலகை, ஊனோ, சைடினா. அந்த அலமாரியைப் பற்றி மனைவிக்கு ஒரு கருத்து உண்டு. நியாயமான கருத்துதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுகிறேன். எபிக் தரத்தில் சிக்கிப் பல மாதங்களாகிவிட்டன. ஆறாம் ஆண்டுப் பையன்களுக்கு இது தெரிந்த நாளிலிருந்து என் செய்யுள் வகுப்புக்கு ஒரு தனி மரியாதை. மரியாதையா இரக்கமா என்று இன்னும் பிடிபடவில்லை.

துணி மூட்டையை அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்னடா மெத்தைக் கல்லு" என்றார். அவருக்குக் கல் என்றால் கல்தான். லயத்துக் கால்வாய் ஓரத்தில் பொறுக்கியது. உருண்டையாக இருக்கக்கூடாது, உருண்டுவிடும். தட்டையாக இருந்தால் கையில் வராது. நல்ல கல் கிடைக்காத நாளில் கித்தாக் கொட்டை. வெயில் ஏறியதும் காய் வெடித்துப் படபடவென்று விழும் அந்தப் புள்ளி போட்ட கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடலாம். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைக்கவும் செய்யலாம். இரண்டும் ஆட்டம்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி நடந்த ஒரு பள்ளியில் அம்மா மூன்றாம் வகுப்புவரை படித்தார். கல்லாட்டத்துக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

அவருடைய ஆட்டத்தில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். ஒரு கல்லை மேலே வீசிவிட்டுத் தரையில் கிடப்பதை எடுக்கும்போது பக்கத்துக் கல் அலுங்கக்கூடாது. அலுங்கினால் ஆட்டம் போச்சு. அலுங்குவது என்றால் நகர்வது இல்லை. நகர்வதற்கு முந்தைய நிலை. காற்றுக்கு இலை அசைவதில் பாதி. 'அலுங்காமல் குலுங்காமல்' என்று சொற்சோடியாகச் சொல்கிறோமே தவிர, அலுங்கு என்ற சொல்லைத் தனியாக நான் எந்தப் பாடநூலிலிருந்தும் நடத்தியதில்லை. அலுங்கியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல யாரும் கிடையாது. பார்த்தவள் அலுங்கியது என்பாள், எடுத்தவள் இல்லை என்பாள். அம்மாவின் கணக்குப்படி விளையாட்டில் பாதி நேரம் கல் தரையில்தான் கிடக்கும். மீதி வாயில் நடக்கும்.

இந்த ஆட்டம் எவ்வளவு பழையது என்பதற்குச் சங்கப் பாடல்களில் கழங்காடும் பெண்கள் சாட்சி. கழற்சிக்காயை வைத்து ஆடியிருக்கிறார்கள். அதே கழங்கை வைத்துக்கொண்டுதான் வேலன் காதல் நோய்க்குக் குறி பார்த்து 'முருகன் அணங்கு' என்று சொல்லிவிட்டுப் போவான். நோய் எதுவென்று பெண்ணுக்கும் தோழிக்கும் தெரியும். வேலனுக்கு மட்டும் தெரியாது. அவன் கழங்கைக் கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம். இந்த வித்தியாசம் பின்னால் எனக்கு உதவியது.

மொழி ஆசிரியன் விளையாட்டுப் பிரியனாகவும் இருந்துவிட்டால் ஒரு நோய் பிடிக்கும். எதைப் பார்த்தாலும் பாடமாக்கலாமா என்று தோன்றும். நாட்டில் 18 மார்ச் 2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, வகுப்பு கைப்பேசிக்குள் போனபோது எனக்கு அது முற்றியது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட வீடுகளுக்கு மத்தியில் நான் கஹூட்டில் இணைமொழிப் போட்டி நடத்திக்கொண்டிருந்தேன். வேகமாக அழுத்துபவனுக்குப் புள்ளி அதிகம். ஒரு பையன் தொடர்ந்து முதலிடம் வந்தான். பெருமைப்பட்டேன். நேரில் பள்ளி திறந்தபின் அவனைக் கூப்பிட்டு 'மேடு பள்ளம்' வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். விழித்தான். ஒரே கேள்வித் தொகுப்பை நான் இரண்டு மூன்று முறை ஓட்டியிருந்தேன். எந்தக் கேள்விக்கு மஞ்சள் வட்டம், எதற்குச் சிவப்பு முக்கோணம் என்று அவன் மனப்பாடம் செய்திருந்தான். அவன் சோம்பேறி இல்லை. ஆட்டத்தை ஆட்டமாக ஆடினான். தமிழ் அதில் ஒரு அலங்காரம், அவ்வளவுதான்.

இதற்கு முன்பே நான் தமிழுக்கு ஒரு ஸ்கிரபிள் செய்துவிடுவது என்று இறங்கியிருந்தேன். ஆங்கிலத்துக்கு 100 வில்லைகள் போதும். மலாய்க்குச் சாஹிபா இருக்கிறது, பள்ளிகளில் போட்டியே நடத்துவார்கள். நமக்கு 247 எழுத்து. எழுத்துக்கு ஒன்று என்று அட்டை வெட்டினாலே சாப்பாட்டு மேசை நிறைந்துவிட்டது. ஙௌ என்ற அட்டையை யாருக்குக் கொடுப்பது? ஙகர வரிசையில் ங் ஒன்றுதான் வேலை செய்கிறது. அங்ஙனம், இங்ஙனம் என்று பேசும் பிள்ளை எங்கள் தோட்டப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. ஞௌவைக் கையில் வைத்துக்கொண்டு மகள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போனாள்.

அடுத்து மெய் தனியாக, குறி தனியாக வெட்டினேன். 'கொ' எழுதக் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். குறுக்காக ஓடும் சொல் மேலிருந்து வரும் சொல்லைச் சந்திக்கும்போது, சந்திக்கும் கட்டத்தில் இருப்பது கொம்பா காலா? பலகை இரண்டாம் சுற்றிலேயே படுத்துவிட்டது. மூன்றாவது முயற்சி இலக்கணச் சுத்தமானது. க், அ, ட், அ, ல் என்று ஒலியாகப் பிரித்து அடுக்க வேண்டும். நன்னூலார் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். மகன் பார்த்துவிட்டு, "அப்பா, இது தமிழா கணக்கா?" என்றான்.

நான்காவது, வேலை ஓய்ந்த ஒரு இரவில் மனைவி சொன்ன யோசனை. ஷிப்ட் முடிந்து வந்து சோற்றுத் தட்டை வைக்க மேசையில் இடம் தேடியவர், "வெறும் க, ட, ல மட்டும் போடுங்க. காலும் கொம்பும் அவங்கவங்க வாயில வச்சுக்கட்டும்" என்றார். எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் ஓடியது. க, ட, ல என்று மூன்று வில்லை வைத்தால் கடல். இல்லை, குடல். இல்லை, கூடல். கடலை என்றும் வாசிக்கலாம். வைத்தவன் ஒன்று நினைப்பான், எதிராளி இன்னொன்று வாசிப்பான். மேலிருந்து வரும் சொல்லோடு எது ஒத்துப்போகிறதோ அதுதான் செல்லும். ஒத்துப்போவதை வாதாடி நிறுவ வேண்டும்.

வீட்டில் சத்தம் வந்தது. கஹூட்டில் வராத சத்தம். சுவடி பதிப்பித்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும். வீரமாமுனிவர் திருத்தும்வரை எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் எழுத்தில் இன்றைய வேறுபாடு கிடையாது. உ. வே. சாமிநாதையர் காலமெல்லாம் ஆடியது ஏறக்குறைய இந்த ஆட்டம்தான். எதிரே உட்கார்ந்து 'கூடல் இல்லை, குடல்' என்று மல்லுக்கட்ட அவருக்கும் ஆட்கள் இருந்தார்கள்.

எனக்கு விஷயம் பிடிபட்டது வேறு இடத்தில், வீட்டிலும் இல்லை, வகுப்பிலும் இல்லை. புதன்கிழமை புறப்பாட நடவடிக்கை முடிந்து பிள்ளைகள் வேனுக்குக் காத்திருக்கும் நேரம். திடலில் காலா பஞ்சாங் கோடு போட்டிருந்தார்கள். கிளித்தட்டு என்று என் அம்மா சொல்வது ஏறக்குறைய இதைத்தான். கோட்டைக் காப்பவர் கோட்டை விட்டு இறங்காமல் தொட வேண்டும், மற்றவர் தொடப்படாமல் கடந்து போய்த் திரும்பி வர வேண்டும். என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் மேசையைத் தாண்டாது. வாய்மொழி மதிப்பீட்டில் அவளுக்கு ஆறு அடைவுநிலையில் இரண்டு போட்டிருந்தேன். அன்று அவள் கோட்டின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்று சொன்னாள்:

"நீ தொட்டிருந்தா நான் வெளிய போயிருப்பேன். நீ தொட்டது என் சட்டைய. சட்டை நானா? அப்படின்னா நேத்து அவன் உன் பையத் தொட்டப்ப நீ ஏன் போகல?"

நான் நின்று கேட்டேன். நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்து விளைவு சொல்லும் நிபந்தனை. கேள்வி வடிவில் மறுப்பு. முன்தீர்ப்பை மேற்கோள் காட்டல். 'நான் ஒரு கோடீஸ்வரனானால்' என்று ஆண்டுதோறும் கற்பனைக் கட்டுரை எழுதவைத்து என்னால் வாங்க முடியாத வாக்கியம் வெயிலில் தானாக வந்து விழுந்தது. அடுத்த முறை அவளுக்கு அடைவுநிலையை உயர்த்தினேன். ஆதாரமாக என்ன இணைப்பது என்றுதான் தெரியவில்லை. தகராறைக் கோப்பில் போட முடியாது.

பியாஜே 1932இல் குழந்தைகளின் அறவுணர்வைப் பற்றி எழுதிய நூலைச் சுவிஸ் பையன்களின் கோலியாட்டத்தில்தான் தொடங்குகிறார். விதி எங்கிருந்து வந்தது, மாற்றலாமா, மாற்றினால் செல்லுமா என்று அவர்களிடமே கேட்டார். பதினொன்று பன்னிரண்டு வயதை எட்டியவர்களுக்கு ஆடுவதைப்போலவே விதியைப் பேசுவதும் ருசிக்கத் தொடங்கிவிடுகிறது. கோலியை மலாயில் 'குலி' என்பார்கள். சொல்லும் அதே, சண்டையும் அதே.

நம் பக்கத்தில் இதைத் தொட்டவர் தேவநேயப் பாவாணர். தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1954இல் வந்தது. பல பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து, பிறகு சேலம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். பகலாட்டு, இரவாட்டு என்று பொழுதால் பிரித்து, ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை என்று ஒவ்வொரு ஆட்டத்தையும் இலக்கண நூல்போல வகுத்துவைத்திருக்கிறார். சொல்லுக்கு வேர் தேடியே வாழ்ந்த மனிதர் கோலிக்கும் சில்லுக்கும் இத்தனை பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய ஆறுதல். அலமாரி விவகாரத்தில் மனைவியிடம் அவர் பெயரைத்தான் சொல்லிப் பார்த்தேன். "அவர் எழுதினாரு, நீங்க வாங்குறீங்க" என்றார். அந்த வகுப்பு முறையில் இன்னொரு தலைப்பு சேர்க்க எனக்கு உரிமை இருந்தால் 'ஆட்டுவழக்கு' என்று சேர்ப்பேன். வழக்கு என்ற சொல்லின் இரண்டு பொருளிலும்.

விட்கென்ஸ்டைனையும் இங்கே சொல்ல வேண்டும், மொழியை விளையாட்டு என்றவர் என்பதற்காக இல்லை. அதற்கு வெகுகாலம் முன்பு 1920இலிருந்து 1926வரை அவர் ஆஸ்திரியக் கிராமங்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் உண்மையில் புழங்கும் சொற்களைத் திரட்டி அவர்களுக்கென்றே ஓர் அகராதி போட்டார். பிள்ளைகளை அடிக்கவும் செய்தார், அடித்த ஒரு சம்பவத்தோடு அந்த வேலையை விட்டுப் போனார். அகராதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். வகுப்பில் ஒரு நோட்டு தொங்குகிறது. சண்டையில் பயன்பட்ட சொல்லைச் சண்டை போட்டவர்களே அதில் எழுத வேண்டும், பொருளோடு. அலுங்கு. அழுகுணி. 'சாப்': ஆட்டத்தை நிறுத்தி மூச்சு வாங்கும் உரிமை, விரலைப் பின்னிக் காட்ட வேண்டும். 'ஒன் டூ சோம்': பறவை, கல், தண்ணீர், கல் பறவையை அடிக்கும், பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும். 'மாயின் தீப்பு': ஏமாற்றி ஆடுதல். இதை எழுதியவன் அடைப்புக்குள் 'தமிழில் கள்ளாட்டம், ஆனா யாரும் சொல்றதில்ல' என்று குறிப்பும் போட்டிருந்தான். நல்ல அகராதிக்காரன்.

அந்தக் குறிப்பில்தான் என் கவலையும் இருக்கிறது. பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்களோ அதுதான் அவர்கள் மொழி என்றால், என் வீட்டு நிலவரம் அவ்வளவு நன்றாக இல்லை. மகன் காதில் ஹெட்செட் மாட்டி மொபைல் லெஜண்ட்ஸ் ஆடும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். நண்பர்களில் இரண்டு பேர் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளே. கோபம், கெஞ்சல், குற்றச்சாட்டு, சமாதானம் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழில் ஒரே ஒரு சொல் வந்தது. அதை இங்கே அச்சிட முடியாது. சைடினாவில் வாடகை கேட்பதும் மலாயில்தான். ஊர்ப்பெயர் எழுதிய பலகையில் அது இயல்பாகவும் இருக்கிறது. நான் நடுவில் புகுந்து "தமிழில் கேளு" என்றால் வாடகையே வேண்டாம் என்று விட்டுவிடுகிறான்.

பாட்டியிடம் அது நடக்காது. சந்தையில் மீன் விலை பேசும் அளவுக்குத்தான் அவருக்கு மலாய். அவரோடு ஆட வேண்டுமென்றால், முக்கியமாக அவரைத் தோற்கடிக்க வேண்டுமென்றால், தமிழ் வேண்டும். அவர் விட்டுக்கொடுப்பவரும் இல்லை. பேரன் என்றால் பாசமாகத் தோற்றுப்போகும் பாட்டிகளை நான் கதைகளில் படித்திருக்கிறேன்.

போன வாரம் இரவு மணி பத்தரை. கூடத்துத் தரையில் அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார், எதிரே மகன். துணி மூட்டை இல்லை, உண்மையான கற்கள். அவனே திடலிலிருந்து பொறுக்கி வந்தவை. உளி பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள் இரண்டு கல்லை வளைத்து அள்ளின. மூன்றாவது கல்லில் ஏதோ நடந்தது.

"பாட்டி, அலுங்கிருச்சு."

"எங்கடா அலுங்குச்சு? காத்துக்கு ஆடிருக்கும்."

"காத்தா? ஃபேனே ஓடல."

"வாசக்கதவு தொறந்திருக்குல்ல."

அவன் திரும்பிக் கதவைப் பார்த்தான். பிறகு கல்லைப் பார்த்தான். "கதவு தொறந்திருந்தாலும், காத்து வந்திருந்தாலும், காத்து அந்த ஒரு கல்ல மட்டும் எப்படி ஆட்டியிருக்கும்? பக்கத்துல தாள் கெடக்கு, அது அலுங்கவே இல்லியே?"

நான் சமையலறையில் ஆறாம் ஆண்டுக் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தேன். பேனாவை மூடினேன். வாசலில் மனைவி, ஷிப்ட் முடிந்து வந்தவர், காலணியைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"இப்ப யாரு ஆட்டம்?" என்றார்.

"எனக்கு" என்றார்கள் இரண்டு பேரும்.